அரசு மேடையில் 'இயேசுவின் நாமத்தில்' ஜெபிக்கலாமா? அமெரிக்க சேப்ளின்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"அமெரிக்க ராணுவத்தில் இயேசுவின் பெயரைச் சொல்லத் தடை" என்று ஒரு பக்கம் செய்தி பரவும். "அரசுச் சம்பளத்தில் மதம் பரப்புகிறார்கள்" என்று மறுபக்கம் கோபம் கிளம்பும். இரண்டிலும் பாதிதான் உண்மை. இது பற்றித் தமிழர்கள், கிறிஸ்தவர்களும் மற்றவர்களும், திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

சேப்ளின் என்பவர் யார்? சபைப் போதகரிடமிருந்து எப்படி வேறுபடுகிறார்?

படை, சிறை, மருத்துவமனை, போலீஸ், சட்டமன்றம் போன்ற இடங்களில் சமயப் பணிக்காக அமர்த்தப்படுபவர் சேப்ளின். சபைப் போதகர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் தாமாக வந்தவர்கள். சேப்ளின் முன்னால் இருப்பவர்களில் யூதரும் உண்டு, இந்துவும் உண்டு, கடவுளே வேண்டாம் என்பவரும் உண்டு. அமெரிக்கப் படையில் அவர் அதிகாரி அந்தஸ்து உள்ளவர். ஆனால் ஆயுதம் ஏந்துவதில்லை. சீருடையில் கிறிஸ்தவருக்குச் சிலுவை, யூதருக்குக் கற்பலகை, முஸ்லிமுக்குப் பிறை, பௌத்தருக்குத் தர்மசக்கரம் இருக்கும்.

ராணுவம் தேர்ந்தெடுத்தால் மட்டும் ஒருவர் சேப்ளின் ஆகிவிட முடியாது. அவருடைய சமய அமைப்பும் "இவர் எங்கள் ஊழியர்" என்று எழுத்தில் ஒப்புதல் தரவேண்டும். அந்த ஒப்புதலை அமைப்பு திரும்பப் பெற்றுக்கொண்டால் அவர் சேப்ளினாக நீடிக்க முடியாது. ஆக, ஒரே ஆள் அரசுக்கும் கட்டுப்பட்டவர், சபைக்கும் கட்டுப்பட்டவர். எல்லா வழக்கும் இந்த இடத்தில்தான் முளைக்கிறது.

அரசுக்கு மதம் கிடையாது என்று சொல்லும் நாடு, எதற்காகச் சேப்ளினுக்குச் சம்பளம் தருகிறது?

நாடு பிறப்பதற்கு முன்பே வந்த வழக்கம் இது. 1775 ஜூலையிலேயே படைக்குச் சேப்ளின்களை அன்றைய அமெரிக்கப் பேரவையான காங்கிரஸ் அங்கீகரித்தது. அரசு மதத்தை நிறுவக்கூடாது, மத வழிபாட்டைத் தடுக்கவும் கூடாது என்று சொல்லும் அரசியலமைப்பின் முதல் திருத்தம் 1791-இல்தான் வந்தது.

1979-இல் ஹார்வர்டு சட்டக் கல்லூரி மாணவர்கள் இருவர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1985-இல் சேப்ளின் பணி செல்லும் என்றது. அது சொன்ன காரணம் எளிமையானது: ஒரு சிப்பாயை வீட்டிலிருந்தும் கோயிலிலிருந்தும் பிய்த்து உலகின் மறுகோடிக்கு அனுப்புவது அரசு. அங்கே அவன் வழிபட வழி செய்யாவிட்டால், அவனுடைய மத உரிமையைப் பறித்ததும் அதே அரசுதான் என்றாகும்.

அதாவது, சேப்ளின் இருப்பது சிப்பாய்க்காக. இந்த விவகாரத்தில் இரு தரப்பும் அடிக்கடி மறந்துவிடுவது இதைத்தான்.

'இயேசுவின் நாமத்தில்' என்ற முடிப்பு அவ்வளவு அவசியமா? விட்டுவிட்டால் ஜெபம் ஜெபமாகாதா?

சுவிசேஷ சபையில் வளர்ந்தவருக்கு அது ஒரு சம்பிரதாய வாக்கியம் அல்ல. என் நாமத்தில் கேளுங்கள் என்று இயேசு சீடர்களிடம் சொன்னதாக யோவான் நற்செய்தி 14-ஆம் அதிகாரம் சொல்கிறது. பிதாவிடம் போக அவர் ஒருவரே வழி என்று நம்புகிறவர் அந்தப் பெயரை விட்டுவிட்டு ஜெபித்தால், யாரிடம் எந்த உரிமையில் பேசுகிறோம் என்ற கேள்வி அவருக்கே எழும். நம் ஊரிலும் சபைச் சிறுபிள்ளைகூட "இயேசுவின் நாமத்தில் ஜெபம் கேளும் நல்ல பிதாவே, ஆமென்" என்றுதான் முடிக்கும்.

அதே சமயம், இயேசு கற்றுக்கொடுத்த 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' ஜெபத்தில் அந்த வாசகம் இல்லை. அந்தப் பெயரை ஒவ்வொரு தடவையும் உச்சரித்தே ஆகவேண்டுமா என்பதில் கிறிஸ்தவர்களே ஒத்துப்போவதில்லை. கடற்படையின் தலைமைச் சேப்ளினாக இருந்து, 2003 முதல் அமெரிக்க செனட்டின் சேப்ளினாக இருக்கும் பேரி பிளாக், ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபைக்காரர். செனட்டில் அவர் ஜெபங்கள் பல "உம்முடைய வல்லமையான நாமத்தில்" என்ற மாதிரி முடியும். யாருடைய நாமம் என்று அவருக்குத் தெரியும், கேட்பவர் தம் விருப்பப்படி எடுத்துக்கொள்ளலாம். சிலருக்கு இது ஞானமாகத் தெரிகிறது, சிலருக்கு மழுப்பல். எனக்கு முதலாவது. ஆனால் அது அவரே தேர்ந்துகொண்ட வழி என்பதால்தான் அப்படிச் சொல்கிறேன். மேலிடத்து உத்தரவு என்றால் என் பதில் மாறிவிடும்.

அப்படியானால் பிரச்சினை எங்கே வருகிறது?

ஞாயிறு ஆராதனையில் வருவதில்லை. அங்கே சேப்ளின் தன் சபை முறைப்படி ஜெபிக்கலாம், பிரசங்கிக்கலாம், திருவிருந்து கொடுக்கலாம். வர விருப்பமுள்ளவர்தான் வருவார்.

கப்பல் தளபதி மாறும் விழா, பயிற்சி முடிந்து அணிவகுக்கும் நாள், நினைவேந்தல், பதவி உயர்வு விருந்து போன்றவைதான் சிக்கலான இடங்கள். அங்கே வருவது கடமை. வரிசையில் நிற்கும் யூதச் சிப்பாய் "இந்த ஜெபம் எனக்கு வேண்டாம்" என்று எழுந்து போக முடியாது. போனால் மேலதிகாரி கண்ணில் படும்.

கடற்படையும் விமானப்படையும் 2006-இல் உண்மையிலேயே தடை போட்டனவா?

தடை என்றால் மிகை. ஆனால் ஒன்றுமே நடக்கவில்லை என்பதும் பொய்.

கொலராடோ ஸ்பிரிங்ஸில் உள்ள விமானப்படை அகாடமியில், சுவிசேஷக் கிறிஸ்தவ அதிகாரிகளும் மாணவர்களும் பிற மதத்தினரை நெருக்குகிறார்கள் என்று 2004, 2005-இல் புகார்கள் எழுந்தன. அதைத் தொடர்ந்து விமானப்படை வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. 2006 பிப்ரவரியில் கடற்படையும் ஒரு விதி கொண்டுவந்தது: ஆராதனைக்கு வெளியே, படைப்பிரிவின் நிகழ்ச்சிகளில் இடம்பெறும் சமய அம்சங்கள் பொதுவாக எந்த ஒரு சமயப் பிரிவையும் சாராதவையாக இருக்கவேண்டும் என்றது அது.

சுவிசேஷ சபைகள் கொதித்தன. அதே ஆண்டு அக்டோபரில் பாதுகாப்புச் செலவுச் சட்டம் நிறைவேறியபோது, அதனுடன் வந்த கூட்டுக்குழு அறிக்கை இரண்டு விதிகளையும் திரும்பப் பெறச் சொன்னது. மனசாட்சிப்படி ஜெபிக்கச் சேப்ளினுக்கு உரிமை உண்டு என்று பிரதிநிதிகள் சபை தன் வரைவில் எழுதியிருந்த வாசகம் இறுதிச் சட்டத்தில் இடம்பெறவில்லை. தடையும் போனது, உரிமையும் எழுத்தில் ஏறவில்லை.

பிற்பாடு அதுவும் ஏறியது. ஆராதனைக்கு வெளியே ஜெபம் நடத்த அழைக்கப்படும் சேப்ளின், தனக்கு ஒப்புதல் தந்த சமய அமைப்பின் மரபுப்படி அந்த ஜெபத்தை முடித்துக்கொள்ளலாம் என்று படைகள் பற்றிய சட்டத் தொகுப்பில் இப்போது இருக்கிறது. எனவே "தடை" என்று இன்றைக்கும் எழுதுபவர்கள் பழைய செய்தியைச் சூடு பண்ணிப் பரிமாறுகிறார்கள்.

இயேசுவின் பெயரில் ஜெபித்ததற்காக ஒரு சேப்ளினை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்களாமே?

கார்டன் கிளிங்கன்ஷ்மிட் என்ற கடற்படைச் சேப்ளினைப் பற்றிய கதை இது. பாதி உண்மை என்பதால்தான் இத்தனை காலம் ஓடுகிறது.

தன்னை இயேசுவின் பெயரில் ஜெபிக்க விடாமல் தடுக்கிறார்கள் என்று சொல்லி, 2005 டிசம்பரில் வெள்ளை மாளிகை அருகே அவர் உண்ணாவிரதம் தொடங்கினார். அனுமதியின்றிச் சீருடை அணிந்து ஊடக நிகழ்ச்சிகளில் தோன்றக்கூடாது என்று மேலதிகாரி எழுத்தில் உத்தரவிட்டிருந்தார். 2006 மார்ச் 30 அன்று, அலபாமாவின் முன்னாள் தலைமை நீதிபதி ராய் மூருடன் சேர்ந்து, வெள்ளை மாளிகை எதிரே நடந்த செய்தியாளர் நிகழ்ச்சியில் அவர் சீருடையோடு நின்று ஜெபித்தார். செப்டம்பரில் விசாரணை நடந்தது. சட்டபூர்வமான உத்தரவை மீறியவர் என்று தீர்ப்பானது, கண்டனம் கிடைத்தது. 2007-இல் கடற்படையிலிருந்து வெளியேற்றப்பட்டார். பின்னாளில் கொலராடோ சட்டமன்ற உறுப்பினரும் ஆனார்.

"ஜெபித்தேன், தண்டித்தார்கள்" என்கிறார் அவர். "சீருடை உத்தரவை மீறினார்" என்கிறது கடற்படை. குற்றப்பத்திரிகையை வைத்துப் பார்த்தால் கடற்படை சொல்வதுதான் சரி. அவர் எழுப்பிய கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்கு அவர் தேர்ந்தெடுத்த மேடை அரசியல் மேடை. அதே சீருடையில் ஒரு நாத்திக அதிகாரி செய்தியாளர்களைக் கூட்டியிருந்தாலும் இதே கதிதான்.

நீதிமன்றங்கள் இதைப் பற்றி நேரடியாக என்ன சொல்லியிருக்கின்றன?

சட்டமன்றச் சேப்ளின் வழக்குகளில்தான் அதிகம் பேசியிருக்கின்றன.

முதலாவது, 1983-இல் வந்த நெப்ராஸ்கா வழக்கு. அந்த மாநிலச் சட்டமன்றத்தில் ராபர்ட் பால்மர் என்ற பிரெஸ்பிடேரியன் போதகர் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் சேப்ளின். கூட்டம் நடக்கும் மாதங்களில் 319 டாலர் 75 சென்ட் சம்பளம். எர்னி சேம்பர்ஸ் என்ற உறுப்பினர் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் சேப்ளின் பக்கம் நின்றது. மத உரிமைத் திருத்தத்தை எழுதிய அதே 1789 காங்கிரஸ்தான் சேப்ளினுக்குச் சம்பளமும் ஒதுக்கியது, இரண்டும் முரண் என்று அவர்கள் நினைக்கவில்லை என்பது அதன் வாதம். இந்தத் தீர்ப்பின் அடிக்குறிப்பில் ஒரு தகவல் இருக்கிறது. யூத உறுப்பினர் ஒருவர் 1980-இல் முறையிட்ட பிறகு, பால்மர் தன் ஜெபங்களிலிருந்து கிறிஸ்துவைப் பற்றிய குறிப்புகளை நீக்கிவிட்டிருந்தார். அந்தச் சிறு குறிப்பைப் பிடித்துக்கொண்டுதான், "கிறிஸ்துவின் பெயர் இருந்தால் செல்லாது" என்று கீழ் நீதிமன்றங்கள் சில முப்பது ஆண்டுகள் வாதிட்டுக்கொண்டிருந்தன.

அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது உச்ச நீதிமன்றத்தின் 2014 மே மாதத் தீர்ப்பு. நியூயார்க் மாநிலத்தில் ராச்செஸ்டர் பக்கத்தில் உள்ள ஊர் கிரீஸ். பெயரைப் பார்த்து ஐரோப்பாவுக்குப் போய்விட வேண்டாம். அங்கே 1999 முதல் ஊர் மன்றக் கூட்டம் உள்ளூர்ப் போதகர் ஒருவரின் ஜெபத்தோடு தொடங்கியது. வந்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் கிறிஸ்தவர்கள். ஒரு யூதப் பெண்ணும் ஒரு நாத்திகப் பெண்ணும் வழக்குப் போட்டார்கள். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மன்றம் வென்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி கென்னடியின் வாதம் இது: இயேசுவின் பெயர் கூடாது என்று விதித்தால், ஒவ்வொரு ஜெபத்தையும் படித்துப் பார்த்துத் தணிக்கை செய்யும் வேலை அரசுக்கும் நீதிமன்றத்துக்கும் வந்து சேரும். அது இன்னும் மோசம்.

மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி கேகன் சொன்னதையும் தள்ளிவிட முடியாது. நாடாளுமன்றத்தில் ஜெபம் உறுப்பினர்களுக்காக நடக்கிறது. ஊர் மன்றத்திலோ போதகர் பொதுமக்களைப் பார்த்து நின்றே ஜெபித்தார். அந்த மக்களில் ஒருவர் அடுத்த ஐந்து நிமிடத்தில் தன் கோரிக்கையோடு அதே மன்றத்தின் முன் நிற்க வேண்டியவர். ஜெபத்தில் கலந்துகொள்ளாமல் உட்கார்ந்திருந்தால் தன் மனு என்னாகும் என்று அவருக்கு உறுத்தாதா? என்னைக் கேட்டால், பெயர் பற்றிய சட்டக் கேள்வியில் கென்னடி சரி, அறைக்குள் உட்கார்ந்திருப்பவரின் நிலையைப் பார்த்ததில் கேகன் சரி.

போலீஸ் சேப்ளின்கள் ராஜினாமா செய்தார்கள் என்பது?

உண்மை. வர்ஜீனியா மாநிலப் போலீஸில் காவலர்களே கூடுதல் பொறுப்பாகச் சேப்ளின் வேலை பார்க்கிறார்கள். துறையின் பொது நிகழ்ச்சிகளில் பொதுப்படையாக ஜெபிக்கவேண்டும் என்று 2008-இல் அவர்களுடைய தலைவர் உத்தரவிட, பதினேழு பேரில் ஆறு பேர் சேப்ளின் பொறுப்பை விட்டு விலகினார்கள். காவலர் வேலையை விடவில்லை. 2010-இல் ஆளுநர் பாப் மெக்டொனல் அந்த உத்தரவை ரத்து செய்தார்.

அந்த உத்தரவுக்குக் காரணமாக இருந்தது, அதே மாநிலத்தின் பிரெடரிக்ஸ்பர்க் நகர மன்ற வழக்கு. பாப்டிஸ்ட் போதகருமான மன்ற உறுப்பினர் ஒருவர் தன் முறை வரும்போது இயேசுவின் நாமத்தில் முடிக்க விரும்பினார், மன்றம் மறுத்தது. கூட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஜெபம் அரசின் பேச்சு, அது எப்படி இருக்கவேண்டும் என்று அரசு தீர்மானிக்கலாம் என்று 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. எழுதியவர், ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர்.

கல்லறைத் தோட்டத்தில்கூடத் தடுத்தார்களா?

ஹூஸ்டன் தேசியக் கல்லறையில் 2011 நினைவு தினத்துக்கு ஜெபிக்க அழைக்கப்பட்ட ஒரு போதகரிடம் ஜெபத்தை முன்கூட்டியே அனுப்பச் சொன்னார்கள். படைவீரர் நலத் துறை அதைப் படித்துவிட்டு, பொதுப்படையாக மாற்றச் சொன்னது. அவர் நீதிமன்றம் போனார், தடையுத்தரவு பெற்றார், இயேசுவின் நாமத்திலேயே ஜெபித்தார். ஒரு அரசு அலுவலர் மேசையில் உட்கார்ந்து ஜெபத்தைத் திருத்துகிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். கென்னடி மூன்று ஆண்டுகள் கழித்து எச்சரித்த காட்சி அச்சாக இதுதான்.

எல்லாருக்கும் பொதுவான ஜெபம்தானே நியாயமான தீர்வு?

முதல் பார்வையில் அப்படித்தான் தோன்றும். ஆனால் 'எல்லாருக்கும் பொது' என்று எழுதப்படுபவை பெரும்பாலும் ஒரே கடவுளை, ஆண்பாலில், 'பிதாவே' என்றோ 'சர்வவல்லவரே' என்றோ அழைப்பவை. பௌத்தருக்கு அது பொது அல்ல. நாத்திகருக்கு நிச்சயம் அல்ல. சுவிசேஷக் கிறிஸ்தவருக்கும் அல்ல. அது அரசே உருவாக்கிய ஒரு புது மதம், யாருடையதும் அல்லாத மதம். அரசு மதத்தை நிறுவக்கூடாது என்ற விதியைக் காப்பாற்றப் போய், அதையே மீறுவதில் முடிகிறது.

என் கட்சி இதுதான்: சேப்ளினின் வாயை அடைக்கக்கூடாது. மாறாக, அந்த மைக்கின் முன் நிற்பவர் மாறிக்கொண்டே இருக்கவேண்டும், கேட்பவருக்கு விலகி நிற்க வழி இருக்கவேண்டும். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் ஜெபமே வேண்டாம், ஒரு நிமிட மௌனம் போதும்.

அப்படியானால் ஒரு இந்து சேப்ளின் மந்திரம் சொல்லலாமா? அதை ஏற்பார்களா?

சட்டம் ஏற்கும். மனிதர்கள் எல்லாரும் ஏற்பதில்லை.

2000 செப்டம்பர் 14 அன்று, பிரதமர் வாஜ்பாய் அமெரிக்க நாடாளுமன்றத்தில் உரையாற்றிய அதே நாளில், பிரதிநிதிகள் சபையில் முதன்முறையாக ஒரு இந்து அர்ச்சகர் ஜெபம் சொன்னார். ஒஹையோ மாநிலம் பார்மாவிலுள்ள சிவ விஷ்ணு கோயிலைச் சேர்ந்த வேங்கடாசலபதி சமுத்ராலா அவர். 2007 ஜூலை 12 அன்று செனட்டில் ராஜன் ஜெட் இந்து ஜெபத்தைத் தொடங்கியதும், பார்வையாளர் மாடத்திலிருந்து மூன்று பேர் கிறிஸ்தவ முழக்கம் எழுப்பிக் குறுக்கிட்டார்கள். கைது செய்யப்பட்டார்கள். அவர் ஜெபத்தை முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

'இயேசுவின் நாமத்தில்' என்று சொல்லும் உரிமைக்காகப் போராடுகிறவர் யாராக இருந்தாலும், அன்றைக்கு ராஜன் ஜெட் பக்கம் நின்றிருக்க வேண்டும். நிற்காதவர் கேட்பதை உரிமை என்று சொல்ல மாட்டேன். சலுகை கேட்கிறார், அவ்வளவுதான்.

ராணுவத்தில் கதவு மெதுவாகத்தான் திறந்தது. உள்நாட்டுப் போர்க் காலத்துச் சட்டம், சேப்ளின் 'ஏதேனும் ஒரு கிறிஸ்தவப் பிரிவின்' ஊழியராக இருக்கவேண்டும் என்றது. யூதர்கள் லிங்கனிடம் முறையிட்ட பிறகு 1862-இல் அது மாறியது. முதல் முஸ்லிம் சேப்ளின் 1993-இல் வந்தார். இந்தியாவில் பிறந்த பிரதிமா தர்ம், கிறிஸ்தவச் சேப்ளினாகப் படையில் சேர்ந்து, 2011-இல் சின்மயா மிஷனின் மேற்கத்தியக் கிளை தந்த ஒப்புதலோடு முதல் இந்து சேப்ளின் ஆனார்.

மருத்துவமனைப் படுக்கையருகே?

அங்கே விதி தலைகீழ். மேடையில் ஜெபிப்பவரின் மனசாட்சி முக்கியம் என்றால், படுக்கையருகே நோயாளியின் விருப்பம்தான் முக்கியம். கேட்டால் ஜெபிக்கலாம், கேட்டபடி ஜெபிக்கலாம். கேட்காதவரிடம் நம்பிக்கையைத் திணிப்பது தொழில்முறைச் சேப்ளின்களின் ஒழுக்க விதிகளுக்கே முரண். முஸ்லிம் நோயாளி இமாமைக் கேட்டால், கூப்பிட்டுக் கொண்டுவருவது கிறிஸ்தவச் சேப்ளினின் வேலை. தன்னால் செய்ய முடிந்ததைச் செய், முடியாததற்கு ஆளைக் கொண்டுவா என்பதுதான் படையிலும் அவர்களுடைய தாரக மந்திரம்.

பள்ளிக்கூடத்தில்?

இதில் நீதிமன்றம் கறார். பிள்ளைகள் பெரியவர்களைப் போல விலகி நிற்க முடியாது என்பதால், பள்ளிப் பட்டமளிப்பு விழா ஜெபம் செல்லாது என்று 1992-லேயே தீர்ப்பு. அந்த ஜெபத்தைச் சொன்னவர் ஒரு யூத ரபி, பொதுப்படையாகத்தான் சொன்னார். ஆனாலும் செல்லவில்லை. 2023-இல் டெக்சாஸ், பள்ளிகள் சேப்ளின்களை அமர்த்தலாம் என்று சட்டம் கொண்டுவந்தபோது, அதை எதிர்த்துக் கையெழுத்திட்டவர்களில் அந்த மாநிலத்துச் சேப்ளின்களே நூற்றுக்கு மேற்பட்டவர்கள்.

இந்திய ராணுவத்தில் இப்படி வழக்கு உண்டா?

இங்கே அமைப்பே வேறு. பண்டிட், சீக்கியக் கிரந்தி, மௌல்வி, பாதிரியார் என்று சமய ஆசிரியர்கள் இளநிலை அதிகாரி அந்தஸ்தில் இருக்கிறார்கள். பல முகாம்களில் எல்லா மதத்துக்கும் ஒரே கூரையின் கீழ் வழிபாட்டிடம் உண்டு. இங்கே சிக்கல் ஜெபிப்பவரைப் பற்றியது அல்ல, கலந்துகொள்பவரைப் பற்றியது. தன் வீரர்களின் கோயிலிலும் குருத்வாராவிலும் கருவறைக்குள் வந்து பூசையில் பங்கேற்க மறுத்த கிறிஸ்தவ அதிகாரி ஒருவர் 2021-இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2025-இல் டில்லி உயர் நீதிமன்றம் அது சரி என்றது, உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது.

என் பிள்ளை அமெரிக்கப் படையில் இருக்கிறான். நாங்கள் இந்துக்கள். விழாவில் ஜெபம் நடக்கும்போது அவன் தலை குனிய வேண்டுமா?

வேண்டாம். நிமிர்ந்து, அமைதியாக நின்றால் போதும். கண் மூடுவதும் ஆமென் சொல்வதும் கட்டாயமில்லை. அனுபவமுள்ள சேப்ளின்கள் பலர் "உங்கள் உங்கள் மரபுப்படி என்னோடு ஜெபியுங்கள்" என்று தொடங்கி, "நான் இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறேன்" என்று தங்கள் பேரில் மட்டும் முடிப்பார்கள். அது யாரையும் இழுத்துப் போடாது.

ஜெபம் பிரசங்கமாக மாறினால், பிற நம்பிக்கையைப் பழித்தால், நரகத்தைக் காட்டி மிரட்டினால், கலந்துகொள்ளாதவன் என்று யாராவது குறித்துவைத்தால் கதை வேறு. முதலில் அந்தச் சேப்ளினிடமே பேசச் சொல்லுங்கள், பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் அவனுடைய படைப்பிரிவின் சமவாய்ப்பு அலுவலரிடம் போகலாம், அதற்கும் மேலே தலைமை ஆய்வாளர் அலுவலகம் இருக்கிறது. தேதி, இடம், சொல்லப்பட்ட வார்த்தை ஆகியவற்றை அன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.